மூன்று குறைய மூன்று ஒன்பது

எங்கள் அத்பாஷி மலைப் பக்கம் கல்யாணச் சீர் ஒன்பது ஒன்பதாகத்தான் போகும். கடைக்காரனுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. முட்டையைப் பத்தாகக் கொடுப்பான். காலுறையை டஜனாகக் கட்டி வைத்திருப்பான். டீக்கிண்ணம் என்றால் ஆறு. ரொட்டியை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒற்றை ரொட்டியோடு ஒரு நல்ல காரியத்துக்குப் போனால் வாசலிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இந்தப் பத்தையும் பன்னிரண்டையும் ஆறையும் இரண்டையும் ஒன்பதாக்குவது என் வேலை. முப்பத்தோரு வருடமாகச் செய்கிறேன்.

என் பெயர் அனார்கான். பெண் வீட்டுச் சீர் மாப்பிள்ளை வீட்டில் இறங்குகிற அன்று, ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டி, கூடியிருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி எண்ணிச் சொல்வேன். நான் சொன்ன எண்தான் ஊரில் நிற்கும். கூலி என்று யாரும் பணம் தருவதில்லை. பிஷ்கேக் சந்தையில் தலைத்துண்டைப் பத்துப் பத்தாகக் கட்டி விற்கிறார்கள். சீருக்குப் போவது ஒன்பது. பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மிச்சம் நிற்கிற அந்த ஒன்று எனக்கு. என் வீட்டில் இப்போது தலை ஒன்று, தலைத்துண்டு இருநூற்றுச் சொச்சம்.

எண்ணுவதில் எனக்கென்று சில சட்டங்கள் உண்டு. டஜன் காலுறை வந்தால் ஒன்பது சீருக்கு, மூன்று குழந்தைகளுக்கு. கிண்ணமும் டீக்கெட்டிலும் சேர்ந்து ஒரு உருப்படி. ஆரம்பத்தில் எனக்கு இந்த அறிவு இல்லை. கசிபெக் கிராமத்தில் ஒரு வீட்டில் எண்ணிக்கை ஏகத்துக்கு உதைக்கவே, ஆறு கிண்ணம், கெட்டில், சர்க்கரைக் கிண்ணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி எட்டில் வந்து நின்று, கடைசியில் கெட்டிலின் மூடியைத் தூக்கி "ஒன்பது" என்றேன். அந்த மூடியை வைத்து என்னை எத்தனை வருடம் கேலி செய்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஜிபார் என்ற பெண்ணின் சீருக்கு என்னைக் கூப்பிட்டது அவள் அண்ணி உருல்கான். பெரியப்பா மகனின் மனைவி. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"பெரியம்மா, எப்படிப் பாத்தாலும் இருபத்துநாலுதான் வருது. மூணு ஒன்பதுன்னு சொல்லியாச்சு."

"யாரு சொன்னது?"

"எங்க மாமனாருதான். நிச்சயத்துக்குத் தோடு போட்ட அன்னிக்கு, நல்ல கறியா சாப்பிட்டுட்டு, சந்தோஷத்துல சொல்லிட்டாரு. சித்தியை ஒரு வார்த்தை கேக்கலை."

சித்தி என்றது ஜிபாரின் அம்மாவை. கணவர் இறந்து ஆறு வருடம். பதினோரு ஆடும் இரண்டு சின்னப் பையன்களும் இருக்கிற வீடு. அந்த வீட்டில் போய் மூன்று ஒன்பது, அதாவது இருபத்தேழு உருப்படி என்று வாக்குக் கொடுத்தவர், அதில் ஒன்றுக்காவது ஊசியில் நூல் கோத்திருக்க மாட்டார்.

சீர் குறைந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒருத்தி இருக்கிறாள், பதிமூன்று உருப்படியோடு வந்தவள். நாற்பது வருடம் ஆகிவிட்டது. பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்றைக்கும் "பதிமூணு வீட்டுல பசு கன்னு போட்டிருக்கு" என்றுதான் ஊர் பேசுகிறது. அவள் சொந்தப் பெயர் எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

"தலையணை எத்தனை?" என்று கேட்டேன்.

"மூணு ஜோடி."

"அப்ப ஆறு."

"ஜோடின்னா ஒண்ணு இல்லையா பெரியம்மா? பூட்ஸை ஒண்ணுன்னுதானே எண்ணுவீங்க?"

"பூட்ஸை ஒருத்திதான் போட்டுக்கறா. தலையணையில ரெண்டு தலை படுக்குது. தலைக்கு ஒண்ணு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். முகம் தெளிந்தது. இருபத்தொன்று மற்றவை, தலையணை ஆறு, ஆக மூன்று ஒன்பது.

"ஆனா ஒண்ணு. தலையணையைக் கடைசிக்கு வை. மூணாவது ஒன்பதுல முதல்ல மூணு துணி, அப்புறம் ஆறு தலையணை. ஜோடி ஜோடியா உள்ள போயிடும். நடுவுல எடுத்துடாதே."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது. ஒரு ஒன்பதைச் சொல்லி முடித்ததும் அதை ஒரு துணியில் கட்டி முடிச்சுப் போட்டு வைப்போம், பெரிய சாமான் என்றால் அடையாளத்துக்கு ஒரு கயிறு. புதுத் தம்பதியின் தலையணை ஒன்று இந்த முடிச்சுக்குள்ளும் இன்னொன்று அடுத்த முடிச்சுக்குள்ளும் போனால், படுக்கை பிரிந்தது என்று அர்த்தம். இரண்டு இரண்டாக வைத்துக்கொண்டே போனால் ஒன்பது ஒருநாளும் நிரம்பாது. அதனால்தான் தலையணையில் எப்போதும் ஒரு கண் வேண்டும். எனக்கு அந்தக் கண் உண்டு என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் லாரி வந்தது. நவம்பர் பனி வாசலில் கட்டியாக உறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். விரித்த துணியில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளையின் அம்மா குல்சாட் வாயில்லாப் பூச்சி, டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு அந்த வீட்டில் சாய்ரா இருக்கிறாள், மாப்பிள்ளையின் அத்தை. கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஆடு எண்ணியவள். பட்டிக் கதவைத் திறந்துவிட்டால் எண்ணூறு ஆடு முண்டியடித்து ஓடும். நின்ற இடத்தில் எண்ணி, ஒன்று குறைந்தாலும் சொல்லிவிடுவாள். இந்தச் சம்பந்தத்தில் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. பையன் பிடிவாதம் பிடித்ததால் சம்மதித்திருந்தாள்.

பெண் மூலையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் பேசக் கூடாது.

நான் ஆரம்பித்தேன். பெட்டி ஒன்று. கம்பளி விரிப்பு இரண்டு, மூன்று. தையல் மெஷின் நான்கு. மெத்தை ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மெத்தைகளைப் பார்த்து இரண்டு பேர் தலையாட்டினார்கள். தையல் அவ்வளவு நெருக்கம். எனக்கும் குரல் நன்றாக ஏறி வந்திருந்தது. அந்த நேரத்தில் கை நீட்டுவேன், பொருள் கைக்கு வரும், வாய் எண்ணைச் சொல்லும். யோசிக்க மாட்டேன்.

கணவாய்ப் பாதையில் கிண்ணங்கள் உடையக் கூடாது என்று, உருல்கான் தலையணைகளை அவற்றைச் சுற்றிப் பெட்டிக்குள் திணித்து வைத்திருந்தாள். இப்போது கிண்ணத்தை எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்தது தலையணை. ஒரு ஜோடியை வெளியே எடுத்தாள். அதில் ஒன்று என் கையில் வந்து விழுந்தது.

"ஒன்பது. முதல் ஒன்பது நிறைஞ்சாச்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். ஒரு தலையணை என் கையில். அதன் ஜோடி உருல்கான் கையில். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

சாய்ரா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"ஏ அனார்கான். புருஷன் இந்த மூட்டைக்குள்ள, பொண்டாட்டி அந்த மூட்டைக்குள்ளயா? கல்யாணம் பண்ணிவைக்க வந்தியா, பிரிச்சுவைக்க வந்தியா?"

"வாய் தவறிடுச்சுக்கா. முதல்லேருந்து எண்ணிடறேன்."

"எதுக்கு முதல்லேருந்து? ரெண்டையும் சேத்து ஒண்ணுன்னு சொல்லு. ஜோடி பிரியாது, ஒன்பதும் நிறைஞ்சிடும். அப்படித்தானே?"

அவள் சொன்னபடி செய்தால் மற்ற இரண்டு ஜோடியும் ஒன்று ஒன்றுதான், மொத்தம் இருபத்துநாலில் நின்றுவிடும். என் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், ஜோடியைப் பிரித்தவள் என்ற பெயர் எனக்கு, பிரிந்த ஜோடி என்ற சகுனம் அந்தப் பெண்ணுக்கு. பட்டிக் கதவை எந்தப் பக்கம் சாத்த வேண்டும் என்று சாய்ராவுக்கு நன்றாகத் தெரியும்.

"கிண்ணம் ஆறு இருக்கு, கெட்டில் இருக்கு..." என்று இழுத்தேன். வெட்கக்கேடு, ஆனால் இழுத்தேன்.

"மூடியையும் எண்ணப் போறியா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள்.

"அப்படின்னா மாப்பிள்ளை வீட்டுச் சீரா நாங்க ஓட்டிவிட்ட ஒன்பது ஆட்டையும் கால் காலா எண்ணியிருக்கணும். முப்பத்தாறு. அத்தனை ஆட்டுக்காலை வச்சுக்கிட்டு சம்பந்தியம்மா என்ன பண்ணுவா?" என்றாள் சாய்ரா. மறுபடியும் சிரிப்பு. அது அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "லாரியிலேருந்து எறக்கறப்பவே பெட்டிக்குள்ளயும் பாத்து எண்ணிட்டேன். ஜோடி ஒண்ணுன்னா இருபத்துநாலு. மூணு குறையுது. மூணு ஒன்பதுன்னு சொன்ன பெரிய மனுஷன் எங்கே? மீதி மூணு எப்ப வரும்?"

உருல்கான் தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்துநாலு என்ற பெயரோடு அந்தப் பெண் இந்த ஊரில் நாற்பது வருடம் தண்ணீர் எடுக்கப் போவதை நான் அப்போதே பார்த்தேன். அதற்குப் பாதிக் காரணம் என் வாய். அழுகை வரும்போல இருந்தது. ஆனால் எண்ணுகிறவள் அழக் கூடாது.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடும், அத்தை."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பெண் பேசிவிட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"எங்க வீட்டுல இன்னும் மூணு மெத்தை இருக்கு. அம்மாவோடது ஒண்ணு, தம்பிங்களோடது ரெண்டு. லாரிக்காரரு வாசல்லதான் நிக்கிறாரு. நான் போன் பண்ணினா அம்மா சுருட்டிக் கட்டி வச்சிடுவாங்க. கணக்கு சரியாயிடும்."

குல்சாட் டீக்கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றாள். கிண்ணம் நிறைந்து துணியில் வழிந்தது.

சாய்ரா திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"மெத்தை மூணுதானா அங்க?"

"மூணுதான்."

"போர்வை?"

பதில் இல்லை.

"கேக்கறேன்ல? போர்வை எத்தனை இருக்கு உங்கம்மா வீட்டுல?"

சாய்ரா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவரோரம் இன்னும் எண்ணப்படாமல் ஐந்து போர்வை அடுக்கியிருந்தது. ஐந்துக்கும் சிவப்பு வெல்வெட் உறை, ஓரத்தில் மஞ்சள் நூல். ஒவ்வொன்றையும் மூலையில் பிடித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள். வாழ்நாள் பூராவும் கம்பளியைத் தொட்ட விரல். முதல் போர்வை உப்பலாக எழும்பியது. இரண்டாவதும். மூன்றாவதை அழுத்தியதும் நிறுத்தினாள். உறைக்குள் கையைவிட்டுத் துழாவினாள். நான்காவது, ஐந்தாவது. திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

என்ன கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூன்றிலும் கம்பளி நடுவில் தேய்ந்து, ஓரங்களில் கட்டி கட்டியாக ஒதுங்கியிருக்கும். வருடக்கணக்காகப் படுத்துப் போர்த்திய போர்வை அப்படித்தான் ஆகும். பழையதற்கு மேலே புது வெல்வெட் உறை தைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சீரில் பழைய பொருள் வைப்பதை எங்கள் ஊர் மன்னிக்காது. இருபத்துநாலு என்ற பெயராவது பரவாயில்லை. இதை அவள் வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பெண் அன்றைக்கே லாரியில் ஏறிப் போக வேண்டியதுதான்.

உருல்கானுக்கும் தெரிந்திருந்தது. அவள் கையிலிருந்த தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

சாய்ரா அவளிடம் குனிந்தாள். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள்.

"இப்ப அங்க ராத்திரி எதைப் போத்திக்கறாங்க?"

உருல்கான் தலையணையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கோட்டைப் போட்டுக்கிட்டுப் படுக்கறாங்க. செத்துப்போன சித்தப்பாவோட கோட்டு ஒண்ணு இருக்கு. அதைப் பசங்க ரெண்டு பேருக்கும் போத்திடுவாங்க."

"இந்தக் குளிருல?"

"ஜிபாருக்குத் தெரியும். வேணாம்னு சண்டை போட்டா. சித்திதான் கேக்கலை. மூணு ஒன்பதுன்னு சொல்லியாச்சே, பொண்ணு பேரு கெட்டுடும்னு ஒரே அழுகை."

சாய்ரா நிமிர்ந்தாள். அவள் முகத்தை முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்றும் படிக்க முடியாது. போர்வை அடுக்குக்குத் திரும்பிப் போய் மூன்று போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். புதுப் போர்வை இரண்டு. மூன்றாவதாக, பழையவற்றில் நல்லதாக ஒன்று. கூடத்தின் நடுவில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இது மூணும் சம்பந்தியம்மாவுக்கு. நான் குடுக்கறேன். லாரியில ஏத்து, உருல்கான்."

"ஐயோ, திருப்பி அனுப்பினா சித்தி தாங்க மாட்டாங்க" என்று உருல்கான் பதறினாள்.

"யாருடி திருப்பி அனுப்பறது? எங்க வீட்டுக்குள்ள வந்தது எங்களோடது. எங்களோடதை நாங்க யாருக்கு வேணா குடுப்போம். வாங்க மாட்டேன்னு சொல்லுவாளா? சாய்ரா குடுத்ததை வேணாம்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் தலைகாட்ட முடியுமா அவளால?"

கூட்டத்தில் ஒருத்தி, நடுத்தர வயது, எனக்குத் தூரத்து உறவு, சிரித்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, கணக்கு இன்னும் குறையுதே. இருபத்துநாலே போதாதுன்னுதானே இவ்வளவு நேரம் பேசினீங்க?"

"எண்ணூறு ஆட்டை எண்ணினவ நான். எனக்குக் கழிக்கத் தெரியும். நீ டீயைக் குடி."

என்னிடம் திரும்பினாள்.

"மீதியை எண்ணு."

எண்ணினேன். ஜோடித் தலையணையை முதல் மூட்டைக்குள் ஒன்றாக வைத்து முடிச்சுப் போட்டேன். இரண்டு போர்வை, கிண்ணம், பூட்ஸ், கோட்டு, மூன்று உடை, திரைச்சீலை. இரண்டாவது ஒன்பது முடிந்தது. டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற சமோவர் ஒன்று. தலையணை ஒரு ஜோடி, இரண்டு. தலையணை ஒரு ஜோடி, மூன்று. பெட்டி காலியாகிவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் நிறைவாக ஒரு எண்ணைப் பாடுவேன். பாதியில் நிற்கிற எண்ணை அதுவரை என் வாய் சொன்னதில்லை. நாற்பது பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவுன்னு சொல்றதுக்கா?" என்று சாய்ராவிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் வேறு ஏதாவது எண்ணைச் சொல்லச் சொன்னால் கூசாமல் சொல்லியிருப்பேன்.

"இருக்கறதைச் சொல்லு."

நான் தொண்டையைச் செருமினேன். அப்போது திரை அசைந்தது. உள்ளே அந்தப் பெண் வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். இருந்தும் சத்தம் மீறி வந்தது. அவ்வளவு நேரம் கல்லாக உட்கார்ந்திருந்தவள்.

சாய்ரா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சத்தமா சொல்லு. புள்ள அழறது வெளியில கேக்குது."

"ரெண்டு ஒன்பது, மூணு" என்று வாசலில் நின்ற லாரிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கூவினேன்.